ஒரு விஎம், மூன்று நெட்வொர்க் கார்டு: கியூஎமுவில் எந்த வயரை எங்கே செருகுவது?

கியூஎமு என்பது ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை (விஎம், அதாவது மெய்நிகர் கணினி) ஓட்டும் புரோகிராம். அதில் ஒரே ஒரு நெட்வொர்க் கார்டு போதும் என்றால் யோசிக்க எதுவும் இல்லை. நெட்வொர்க் பற்றி ஒரு வார்த்தை கூட எழுதாமல் விஎம்மைத் தொடங்கினாலே அதுவாக ஒரு கார்டைக் கொடுத்து இணையத்தோடும் இணைத்துவிடும். இரண்டாவது கார்டு வேண்டும் என்று உட்காரும்போதுதான் யூசர், டேப், சாக்கெட், பிரிட்ஜ், ஹப்போர்ட் என்று பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். எந்தக் கையேட்டைத் திறந்தாலும் எப்படி எழுதுவது என்று இருக்கும், எதை எப்போது எடுப்பது என்று இருக்காது. அந்தக் குறைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் தேவையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை வைத்துத்தான் எல்லாவற்றையும் எடை போடப்போகிறேன். ஓப்பன்வர்ட் (ரவுட்டர்களுக்கான லினக்ஸ்) ஓடும் ஒரு ரவுட்டர் விஎம், அதற்கு மூன்று கார்டு: ஒன்று வெளி இணையத்துக்கு, ஒன்று உள் நெட்வொர்க்குக்கு, இன்னொன்று தனியாக ஒதுக்கி வைத்த சர்வருக்கு. அதன் பின்னால் டெபியன் (இதுவும் லினக்ஸ்தான்) ஓடும் இரண்டு விஎம்கள். ஃபயர்வால் விதிகளைப் பழகிப் பார்க்க இதைவிட மலிவான வழி கிடையாது. முதலில் வைஃபை மட்டும் உள்ள லேப்டாப்பில் செய்தேன், பிறகு கேபிள் போட்ட டெஸ்க்டாப்புக்கு மாற்றினேன்.

முதலில் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். கியூஎமுவில் ஒவ்வொரு கார்டும் இரண்டு பாதி. ஒரு பாதி விஎம்முக்குள் தெரிகிற கார்டு: இ1000, விர்ட்டியோ மாதிரி. மறு பாதி, அந்தக் கார்டிலிருந்து வரும் வயர் ஹோஸ்டில் (விஎம்மை ஓட்டும் நிஜக் கணினியில்) எங்கே போய்ச் சேருகிறது என்பது. முதல் பாதியில் தடுமாற ஒன்றும் இல்லை. விஎம் லினக்ஸ் என்றால் விர்ட்டியோ, விண்டோஸை டிரைவர் இல்லாமல் நிறுவ வேண்டும் என்றால் இ1000, அவ்வளவுதான். தலைவலி முழுக்க இரண்டாவது பாதியில். அதை மொத்த விஎம்முக்கும் சேர்த்து ஒரே முடிவாக எடுக்கப் போனால் கண்டிப்பாக மாட்டிக்கொள்வீர்கள். கார்டு கார்டாக எடுத்து, இதோடு யார் பேச வேண்டும், யார் பேசவே கூடாது என்று கேட்டால் பாதி விடை அங்கேயே வந்துவிடும்.

எழுதும் முறையிலும் மூன்று வழி இருக்கிறது. பழைய ‘-நெட்’ வழியைத் தொடாதீர்கள். இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகளில் பாதி அதில்தான் இருக்கும். ‘-நெட்’ என்று எழுதும் எல்லாமே உள்ளே ஒரே ஹப்பில் போய் விழும். இரண்டு கார்டும் ஒரு யூசர் இணைப்பும் எழுதினால் மூன்றும் ஒரே வயரில் தொங்கும், ஒரு கார்டுக்கு வருவது மற்றதற்கும் வரும். ரவுட்டர் செய்யும்போது வெளியும் உள்ளும் ஒரே வயர் என்றால் அப்புறம் ரவுட்டர் எதற்கு? தனித்தனி ஹப்பாகப் பிரிக்க ‘விலேன்’ என்று ஒரு எண் கொடுக்கும் வசதி முன்பு இருந்தது, அதையும் 2018-இல் எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு வந்த ‘-நிக்’ இரண்டு பாதியையும் ஒரே வரியில் எழுதவிடுகிறது, சின்ன வேலைக்கு அழகானது. ஆனால் கார்டின் எல்லாப் பண்புகளையும் அதில் கொடுக்க முடியாது. ஒன்றுக்கு மேல் கார்டு என்றால் என் கை ‘-நெட்டெவ்’, ‘-டிவைஸ்’ ஜோடிக்குத்தான் போகிறது:

-நெட்டெவ் யூசர்,ஐடி=வெளி
-டிவைஸ் விர்ட்டியோ-நெட்-பிசிஐ,நெட்டெவ்=வெளி,மேக்=52:54:00:10:00:02,அட்ரெஸ்=4

(படிக்கத் தமிழில் எழுதியிருக்கிறேன், டெர்மினலில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.) கடைசியில் இருக்கும் அந்த 4 எதற்கு என்று பின்னால் சொல்கிறேன், அது முக்கியம்.

சரி, இப்போது வயர்களுக்கு வருவோம்.

யூசர் முறையில் கியூஎமு புரோகிராமுக்குள்ளேயே ஒரு குட்டி ரவுட்டர் ஓடுகிறது. அதன் பெயர் ஸ்லிர்ப். 1990-களின் டயல்-அப் காலத்தில், ஏதோ ஒரு யூனிக்ஸ் கணினியில் வெறும் ஷெல் கணக்கு மட்டும் வைத்திருந்தவர்கள் அதன் வழியாகவே முழு இணையத்தையும் வீட்டுக் கணினிக்குக் கொண்டுவர எழுதப்பட்ட புரோகிராம் அது. ரூட் அனுமதி (கணினியின் முழு அதிகாரம்) இல்லாதவர்களுக்காகப் பிறந்ததால் இன்றும் ரூட் அனுமதி கேட்பதில்லை. விஎம்முக்கு 10.0.2.15, கேட்வே (வெளியே போகும் வாசல்) 10.0.2.2, டிஎன்எஸ் (தளப் பெயரை முகவரியாக்குவது) 10.0.2.3 என்று எல்லாவற்றையும் அதுவே கொடுத்துவிடும். வைஃபையோ மொபைல் ஹாட்ஸ்பாட்டோ, எதன் மேலும் ஓடும். வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது, நீங்களே குறிப்பிட்டு ஹோஸ்டின் 2222 போர்ட்டை விஎம்மின் 22-க்குத் திருப்பிவிட்டால் ஒழிய. வேகம் குறைவுதான். சில ஹோஸ்டுகளில் வெளியே பிங் போகாது, அதை வைத்து நெட்வொர்க்கே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கியூஎமுவை நீங்களே கம்பைல் செய்கிறவர் என்றால் இன்னொன்று: 7.2 பதிப்பிலிருந்து ஸ்லிர்ப் கூடவே வருவதில்லை. அந்த நூலகத்தைத் தனியாக நிறுவாமல் கம்பைல் செய்தால் யூசர் முறையே இல்லாத கியூஎமுதான் கிடைக்கும்.

ஒரு கார்டுக்கு இது தங்கம். இரண்டாவது கார்டுக்கும் அப்படியே எழுதினால்தான் பிரச்சினை. இரண்டும் தனித்தனி ஸ்லிர்ப், ஆனால் இரண்டும் அதே 10.0.2.15-ஐக் கொடுக்கும், அதே கேட்வேயைச் சொல்லும். விஎம்முக்குள் ஒரே முகவரியில் இரண்டு கார்டு நிற்கும், எது வழியாகப் போவது என்று கர்னலுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. இரண்டாவதற்கு வேறு நெட்வொர்க் கொடுத்தால் (192.168.76.0/24 மாதிரி) முகவரிச் சண்டை தீரும். ஆனால் இரண்டு டிஃபால்ட் ரூட் (வெளியே போகும் இயல்பான பாதை) என்ற சண்டை அப்படியே இருக்கும். ஒரு நாள் வேலை செய்யும், அடுத்த ரீபூட்டில் டிஎச்சிபி (முகவரி வழங்கும் முறை) பதில் முன்பின்னாக வந்தால் செய்யாது. இப்படி விட்டுவிட்டு வரும் கோளாறைத் துரத்துவதுதான் எனக்கு மிகவும் எரிச்சலான வேலை.

இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. யூசர் முறையில் ‘ரெஸ்ட்ரிக்ட்=ஆன்’ என்று கொடுத்தால் விஎம் அந்தக் கார்டு வழியாக வெளியே போக முடியாது, ஆனால் நீங்கள் எழுதிய போர்ட் திருப்பல் மட்டும் வேலை செய்யும். அது கையேட்டிலேயே இருக்கிறது. நான் பாக்கெட்டைப் பிடித்துப் பார்த்தபோது கண்டது வேறு: இந்த நிலையில் ஸ்லிர்ப் அனுப்பும் டிஎச்சிபி பதிலில் கேட்வேயும் இல்லை, டிஎன்எஸ்ஸும் இல்லை. அப்படியென்றால் இரண்டாவது டிஃபால்ட் ரூட் முளைக்கவே முளைக்காது. உள்ளே இருக்கும் டெபியன் விஎம்முக்கு ஹோஸ்டிலிருந்து எஸ்எஸ்எச் (வேறு கணினியின் டெர்மினலுக்குள் நுழையும் வழி) போட மட்டும் ஒரு கார்டு வேண்டும், அதன் இணையப் போக்குவரத்து முழுக்க ரவுட்டர் விஎம் வழியாகத்தான் போக வேண்டும் என்றால், இதைவிடச் சுத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியாது. என் இரண்டு டெபியன் விஎம்களுக்கும் இப்படித்தான் ஒரு நிர்வாகக் கார்டு போட்டிருக்கிறேன். ஃபயர்வால் விதியைத் தப்பாக எழுதி உள் நெட்வொர்க்கையே அடைத்துவிட்டாலும் அந்தக் கதவு திறந்தே இருக்கும்.

விஎம்முக்கும் விஎம்முக்கும் நடுவே வயர் இழுக்க சாக்கெட் முறை. ஒரு கியூஎமு ஒரு போர்ட்டில் காத்திருக்கும், இன்னொன்று அதோடு போய் இணையும், ஈதர்நெட் ஃபிரேம்கள் அப்படியே டிசிபி வழியாகப் போய்வரும். ரூட் வேண்டாம். ஹோஸ்டில் புதிதாக எந்த இன்டர்ஃபேஸும் முளைக்காது. ஹோஸ்ட் இந்த வயரைப் பார்ப்பதே இல்லை, எனவே உள்ளே என்ன உளறினாலும் வீட்டு நெட்வொர்க்குக்கு ஒன்றும் ஆகாது. சோதனைக் களத்துக்கு அது பெரிய நிம்மதி. குறை என்னவென்றால் இது இரண்டு முனை உள்ள வயர் மட்டுமே, மூன்றாவது விஎம் இதில் சேர முடியாது. காத்திருப்பது முதலில் தொடங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் இணைய வருவது பிழை சொல்லிவிட்டு நின்றுவிடும். 7.2-இல் வந்த ‘ஸ்ட்ரீம்’ இதே வேலையைச் செய்கிறது, பிந்திய பதிப்புகளில் அறுந்தால் மறுபடி இணைந்துகொள்ளவும் செய்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதையே எடுக்கலாம்.

மூன்று நான்கு விஎம் ஒரே வயரில் வேண்டும் என்றால் சாக்கெட்டிலேயே மல்டிகாஸ்ட் இருக்கிறது: 230.0.0.1 போல ஒரு முகவரியும் போர்ட்டும் கொடுத்தால் அதே முகவரி கொடுத்த எல்லா விஎம்மும் சேர்ந்துகொள்ளும். கேட்க இனிமையாக இருக்கும், நானும் முதலில் இதைத்தான் எடுத்தேன். ஆனால் இதில் அனுப்பியவருக்கே அனுப்பியது திரும்பி வரும். சாதாரண ஐபிவி4 கார்டு அதைக் கண்டுகொள்ளாது. ஓப்பன்வர்ட் அப்படி இல்லை, அதன் உள் நெட்வொர்க் ஒரு பிரிட்ஜின் (பல கார்டுகளை ஒன்றாக இணைக்கும் மென்பொருள் ஸ்விட்ச்) மேல் நிற்கிறது. என் சொந்த முகவரியிலிருந்தே எனக்குப் பாக்கெட் வருகிறது என்று கர்னல் லாக் முழுக்க வரி வரியாக அடித்துத் தள்ளியது. ஐபிவி6 பக்கம் இன்னும் மோசம், தன் முகவரியை வேறு யாரோ வைத்திருக்கிறார்கள் என்று விஎம் தானே நம்பி முகவரியைக் கைவிட்டது. எனவே ரவுட்டர், பிரிட்ஜ், ஐபிவி6 இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் மல்டிகாஸ்ட் வேண்டாம் என்பேன். அப்படியும் பயன்படுத்தினால் உள்ளூர் முகவரியாக 127.0.0.1 கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் உங்கள் சோதனைப் பாக்கெட்டுகள் நிஜ நெட்வொர்க்கில் உலாவப் போய்விடும்.

டேப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். இது ஹோஸ்ட் கர்னலிலேயே ஒரு இன்டர்ஃபேஸை உருவாக்கி, அதன் மறுமுனையை விஎம்முக்குக் கொடுக்கிறது. அதை ஒரு பிரிட்ஜில் செருகிவிட்டால் விஎம் நிஜக் கணினி மாதிரி நெட்வொர்க்கில் உட்காரும். வேகம் இதில்தான், விஹோஸ்ட்டையும் சேர்த்துக்கொண்டால் பாக்கெட் நகர்த்தும் வேலை கியூஎமுவிடமிருந்து கர்னலுக்கே போய்விடும். ஹோஸ்ட், விஎம், வீட்டிலுள்ள மற்ற கணினிகள் எல்லாம் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டும் என்றால் வேறு யோசனையே வேண்டாம்.

விலையும் இருக்கிறது. ரூட் வேண்டும், குறைந்தது ஒரு தடவை உங்கள் பயனர் பெயரில் டேப் உருவாக்கி வைக்கவாவது. ‘ஸ்கிரிப்ட்=நோ’ என்று எழுத மறந்தால் கியூஎமு தானாக ஒரு ஸ்கிரிப்டைத் தேடி ஓட்டப் பார்த்துத் தோற்கும். ஹோஸ்டின் கேபிள் கார்டை பிரிட்ஜில் சேர்த்ததும் அதன் ஐபி முகவரியைப் பிரிட்ஜுக்கு மாற்ற வேண்டும். இதை தூரத்திலிருந்து எஸ்எஸ்எச் வழியாகச் செய்தால் முதல் கட்டளையிலேயே இணைப்பு அறுந்துவிடும், எழுந்து போய் அந்தக் கணினி முன்னால் உட்கார வேண்டியதுதான். வைஃபையில் இந்த வித்தையே நடக்காது. தன்னிடம் பதிவான மேக் முகவரியிலிருந்து (ஒவ்வொரு கார்டுக்கும் உள்ள அடையாள எண்) வருவதை மட்டுமே வைஃபை ஆக்சஸ் பாயின்ட் ஏற்றுக்கொள்ளும், பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் விஎம்மின் முகவரியை அது அறியாது. லேப்டாப்பில் ஒரு சாயங்காலம் முழுக்க இதோடு போராடிவிட்டுத்தான் காரணம் புரிந்தது.

மேக் முகவரி என்றதும் இன்னொன்று. நீங்கள் சொல்லாவிட்டால் கியூஎமு முதல் கார்டுக்கு 52:54:00:12:34:56 கொடுக்கும், அதே விஎம்மின் அடுத்த கார்டுக்கு 57, அதற்கடுத்து 58. ஒரு விஎம்முக்குள் மோதல் வராது. ஆனால் இரண்டாவது விஎம் என்பது இன்னொரு கியூஎமு, அதுவும் 56-இலிருந்துதான் எண்ணத் தொடங்கும். யூசர் முறையில் ஒவ்வொருவருக்கும் தனி உலகம் என்பதால் இது தெரியவே தெரியாது. பிரிட்ஜுக்கு மாறிய அன்று தெரியும்: இரண்டு பிங் வரும், மூன்று வராது, மறுபடி ஒன்று வரும். ஒரே முகவரி இரண்டு போர்ட்டிலும் மாறி மாறித் தெரிவதால் பிரிட்ஜ் குழம்புகிறது. ஒரு கார்டுக்கு மேல் போகும்போது மேக் முகவரியை நீங்களே எழுதுங்கள். நான் கடைசி இரண்டு இடத்தில் விஎம் எண்ணும் கார்டு எண்ணும் வைக்கிறேன், பாக்கெட்டைப் பார்த்ததுமே யார் என்று தெரிந்துவிடும்.

அடுத்தது டாக்கர் (கன்டெய்னர்களை ஓட்டும் மென்பொருள்). ஹோஸ்டில் டாக்கர் இருந்தால், பிரிட்ஜில் இரண்டு டேப் சரியாக இருந்தும் விஎம்கள் பேசிக்கொள்ளாமல் போகலாம். அடையாளம் இதுதான்: ஆர்ப் (ஐபி முகவரிக்கு உரிய மேக் முகவரியைக் கேட்பது) கேள்விக்குப் பதில் வரும், பக்கத்து விஎம்மின் மேக் முகவரி பட்டியலில் பளிச்சென்று தெரியும், ஆனால் பிங் போகாது. டாக்கர் ஃபார்வர்டு விதியை (ஹோஸ்டைக் கடந்து போகும் பாக்கெட்டுகளுக்கானது) டிராப், அதாவது தூக்கிப் போடு, என்று வைத்துவிடுகிறது, பிரிட்ஜில் ஓடும் ஐபி பாக்கெட்டுகளையும் கர்னல் அந்த விதி வழியாக அனுப்புகிறது, ஆர்ப் ஐபி இல்லை என்பதால் அது மட்டும் தப்பித்துப் போகிறது. உங்கள் பிரிட்ஜிலிருந்து அதே பிரிட்ஜுக்குப் போவதை அனுமதிக்கும் ஒரு விதியைச் சேர்த்தால் தீர்ந்தது.

கடைசியாக, டேப்பில் தப்பு செய்தால் அது உங்களோடு நிற்காது. ஓப்பன்வர்ட் சாதாரணக் கணினிக்கான பதிப்பில் முதல் கார்டை உள் நெட்வொர்க்காகவும் இரண்டாவதை வெளியாகவும் எடுத்துக்கொள்கிறது. முதலில் வருவது வெளிதானே என்று நினைத்து, முதல் கார்டை வீட்டுக் கேபிள் உள்ள பிரிட்ஜில் செருகினேன். அது 192.168.1.1 என்று எழுந்து நின்றது, எங்கள் வீட்டு ரவுட்டரும் 192.168.1.1. அந்த வேளையில் தங்கை வேலை விஷயமாக வீடியோ காலில் இருந்தாள், அது துண்டித்துத் துண்டித்துப் போனது. காரணம் நான்தான் என்று கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது, அவளுக்கு அந்த அரை மணி நேரம் திரும்பக் கிடைக்கவில்லை. வெளிக் கார்டை யூசர் முறையில் வைத்திருந்தால் இது நடந்திருக்கவே நடந்திருக்காது.

டேப்பின் பலன் வேண்டும், இத்தனை கஷ்டம் வேண்டாம் என்றால் நடுவழி ஒன்று இருக்கிறது. லிப்வர்ட் (விஎம்களை நிர்வகிக்கும் மென்பொருள்) நிறுவிய ஹோஸ்டில் 192.168.122.1 முகவரியோடு ஒரு பிரிட்ஜ் பெரும்பாலும் தயாராகவே இருக்கும், என்ஏடி வழியாக (ஹோஸ்டின் முகவரியையே போட்டுக்கொண்டு) வெளியே போகும், எனவே வைஃபையிலும் ஓடும். கியூஎமுவின் பிரிட்ஜ் உதவிப் புரோகிராமின் கோப்பில் அந்தப் பிரிட்ஜின் பெயரை அனுமதித்துவிட்டால், அந்த உதவியாளுக்குத் தேவையான அனுமதி இருக்கும்வரை, ரூட் இல்லாமலே அதில் விஎம்மைச் செருகலாம். லேப்டாப்காரர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிஜக் கார்டின் மேலேயே நேராக உட்காரும் மேக்விடேப்பில் பிரிட்ஜ் கட்டும் வேலை மிச்சம், ஆனால் ஹோஸ்டும் விஎம்மும் ஒன்றோடொன்று பேச முடியாது, அதுவே எனக்கு வேண்டாம் என்று சொல்லப் போதுமான காரணம். விடிஈ ரூட் இல்லாமல் ஓடும் உண்மையான ஸ்விட்ச், மல்டிகாஸ்டின் எதிரொலித் தொல்லை இல்லை, ஆனால் உங்கள் கியூஎமு அந்த வசதியோடு கம்பைல் ஆகியிருக்க வேண்டும். பாஸ்ட் என்பது ஸ்லிர்ப்பின் இடத்துக்கு வரும் புதியவர், ரூட் கேட்காது, ஐபிவி6-ஐ நன்றாகக் கையாளும், ஆனால் ஒவ்வொரு கார்டுக்கும் தனித்தனியாக ஒரு பாஸ்ட் ஓட்ட வேண்டும். மேக்ஓஎஸ்ஸில் டேப் கிடையாது, அங்கே 7.1 பதிப்பிலிருந்து இருக்கும் விஎம்நெட் வகைகளைப் பாருங்கள்.

இனி அந்த 4. பழைய பிசி வகை மெஷினில் முதல் கார்டு மூன்றாவது பிசிஐ இடத்தில் உட்காரும், அதனால்தான் டெபியனுக்குள் அதன் பெயர் இஎன்எஸ்3 என்று வருகிறது, அடுத்தது இஎன்எஸ்4. இடம் கொடுக்காவிட்டால் கட்டளையில் எழுதிய வரிசைப்படி கியூஎமு நிரப்பிக்கொண்டே போகும். ஒரு நாள் புதிதாக ஒரு டிஸ்க் சேர்த்தேன், அந்த வரி கார்டுகளுக்கு மேலே விழுந்துவிட்டது. டிஸ்க் மூன்றாவது இடத்தில் உட்கார்ந்தது, உள் கார்டு இஎன்எஸ்4 ஆனது, சர்வர் கார்டு இஎன்எஸ்5 ஆனது. உள்ளே எழுதி வைத்த அமைப்பு இஎன்எஸ்4-ஐப் பார்த்து, சர்வருக்கான முகவரியை உள் கார்டுக்குக் கொடுத்துவிட்டது. டிஸ்க் சேர்த்ததால் நெட்வொர்க் போகும் என்று யாருக்குத் தோன்றும்? எனவே ஒவ்வொரு கார்டுக்கும் இடத்தை எழுதிவிடுங்கள், விஎம்முக்குள்ளும் பெயரை நம்பாமல் மேக் முகவரியை வைத்துப் பொருத்துங்கள்.

இப்போது என் ஏற்பாடு இதுதான். ரவுட்டரின் முதல் கார்டு உள் நெட்வொர்க், ஸ்ட்ரீம் வயர் வழியாக முதல் டெபியனுக்கு. இரண்டாவது வெளி, யூசர் முறை. மூன்றாவது இன்னொரு ஸ்ட்ரீம் வயர், சர்வராக இருக்கும் இரண்டாவது டெபியனுக்கு. இரண்டு டெபியனுக்கும் கூடுதலாக ரெஸ்ட்ரிக்ட் போட்ட யூசர் கார்டு ஒன்று, 2222, 2223 போர்ட்டுகளோடு. எதற்கும் ரூட் வேண்டாம், லேப்டாப்பை எங்கே தூக்கிக்கொண்டு போனாலும் அப்படியே ஓடும். டெஸ்க்டாப்பில் மட்டும் உள் நெட்வொர்க்கில் ஐந்தாறு விஎம் சேர்ந்ததால் அந்த ஒரு கார்டை டேப்புக்கு மாற்றினேன், அதுவும் எந்த நிஜக் கார்டும் சேராத தனிப் பிரிட்ஜில். வெளிக் கார்டு அங்கேயும் யூசர்தான், தங்கையின் வீடியோ காலுக்கு அப்புறம் அதை மாற்ற எனக்கு மனம் வரவில்லை.

எல்லாம் எழுதி முடித்ததும் கியூஎமு மானிட்டரில் ‘இன்ஃபோ நெட்வொர்க்’ அடித்து, எந்தக் கார்டின் கீழே எந்த வயர் இருக்கிறது என்று ஒரு முறை வாசியுங்கள். பிறகு அங்கேயே ‘செட்_லிங்க்’ போட்டு ஒவ்வொரு வயராக அணைத்துப் பாருங்கள், நிஜக் கேபிளைப் பிடுங்கியது போலவே விஎம்முக்குத் தெரியும். வெளி வயரை அணைத்தபோது முதல் டெபியனிலிருந்து இணையம் நின்று, 2222 வழியாக வந்த எஸ்எஸ்எச் மட்டும் நிற்காமல் இருந்தால் வயர்கள் சரியான இடத்தில்தான் இருக்கின்றன.